அப்பாவுக்கு ஒரு பேட்டரி

லோனாவலாவில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வேனை நிறுத்திவிட்டுத் தூங்கினோம். விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் அப்பாவின் மூச்சுக் கருவி நின்றுபோயிருக்கிறது. எங்களுக்கு அது ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. கண் விழித்துப் பார்த்தால் அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முகமூடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கரண்டு போயிட்டு. அதுக்கு உங்களை எதுக்கு எழுப்பணும்? நைட் டூட்டி பாத்தவன்தான நான்" என்றார்.

அப்பாவுக்கு வயது 76. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். சில நொடிகள் மூச்சே இருக்காது. பிறகு திடுக்கிட்டு விழிப்பார். இரவில் எத்தனை முறை என்று கணக்கில்லை. 'ஸ்லீப் ஆப்னியா' என்றார் டாக்டர். முகமூடி வழியாக ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி அந்தப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் 'சிபாப்' என்ற கருவியை எழுதிக் கொடுத்தார். மூன்று வருடமாக அது இல்லாமல் அப்பா படுப்பதில்லை. ஒரு ராத்திரி நின்றால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் இந்த இதயத்தை வைத்துக்கொண்டு நாலு ராத்திரி அப்படிப் போகக் கூடாது என்பது டாக்டரின் வாக்கு. நாங்கள் திட்டமிட்டிருந்த பயணத்தில் போகும்போதே மூன்று ராத்திரி, வரும்போது மூன்று. லோனாவலா வெறும் ஒத்திகை.

பங்குனி உத்திரத்துக்குச் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. போய் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. விமானம் என்றால் காது வலி, பயம், எல்லாம் வரும். ரயில்தான் அவருக்கு வீடு மாதிரி. ஆனால் ரயிலில் சார்ஜ் போடும் இணைப்புகளை இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை நிறுத்தி வைப்பது என்று 2021-இல் ரயில்வே முடிவெடுத்தது. தீப்பிடிக்கும் ஆபத்தைத் தவிர்க்க. காரணம் நியாயமானதுதான். அந்த ஆறு மணி நேரம்தான் அப்பாவுக்கு மூச்சுக் கருவி தேவைப்படும் நேரம் என்பது எங்கள் தனிப்பட்ட சங்கடம்.

அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 'டிரெயின் லைட்டிங்' எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பெட்டிகளின் விளக்கும் மின்விசிறியும் எரிவதற்கு அடியில் தொங்கும் பேட்டரிகளைக் கவனிப்பதுதான் உத்தியோகம். சக்கரம் சுழலும்போது மின்சாரம் உண்டாகி பேட்டரியில் ஏறும். வண்டி நின்றால் பேட்டரி கொடுக்கும். நான் சிறுமியாக இருந்தபோது கல்யாண் தாண்டி எங்காவது சிக்னலுக்காக ரயில் நின்றால், "இப்ப யாரு லைட்டு போடுதா, சொல்லு?" என்று கேட்பார். "நீங்கதான்" என்று சொல்ல வேண்டும்.

தம்பி ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கியதும் இப்படித்தான் முடிவானது. கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் ஷாட்டுக்கு நடுவே ஏறி உட்காரும் வண்டி என்றுதான் பொருள். எங்களுடையது அப்படிப்பட்டதல்ல. பின் சீட்டுகள் மேல் ஒரு பலகை, அதன் மேல் மெத்தை, ஒரு சின்ன மின்விசிறி, ஒரு விளக்கு, அம்மாவின் பாத்திரப் பெட்டி. இறக்கி வைத்தால் மறுபடி வேன். இதற்கு ராத்திரி மின்சாரம் வேண்டும். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியைத் தொட்டால் காலையில் வண்டி கிளம்பாது. எனவே தனியாக இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். நின்றதும் ஒரு ரிலே இரண்டையும் பிரித்துவிடும். இதைத் தம்பி சரியாகவே செய்திருந்தான். தப்பு செய்தது பேட்டரி வாங்கியதில்.

"மெயின்டனன்ஸ் ஃப்ரீதானே?" என்று கேட்டிருக்கிறான். "ஆமாம், தண்ணியே ஊத்த வேண்டாம்" என்றிருக்கிறார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தை இரண்டு வேறு சாதிகளுக்கும் பொதுப் பெயர். காரைக் கிளப்பும் பேட்டரியில், உலோகக் கலவையை மாற்றி நீர் குறைவதை மட்டுப்படுத்தி, மேலே மூடி வைத்துவிட்டால் அதுவும் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ'. உள்ளே பழைய மாதிரி அமிலம் தளும்பிக்கொண்டுதான் இருக்கும். தம்பி வாங்கி வந்தது அது. 65 ஆம்பியர் அவர்.

லோனாவலாவிலிருந்து திரும்பியதும் அப்பா கணக்குப் போட்டார். கேஸ் பில்லின் பின்பக்கம், பென்சிலில். மூச்சுக் கருவியில் காற்றை ஈரமாக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதை அணைக்கவில்லை. 12 வோல்ட்டை இன்வர்ட்டர் 230 ஆக்கி, கருவியின் அடாப்டர் அதை மறுபடி இறக்கி, போகிற வழியெல்லாம் நஷ்டம். மின்விசிறியையும் சேர்த்தால் மணிக்கு 8 ஆம்பியர் போயிருக்கும். பத்து மணிக்குப் படுத்தோம். மூன்றரைக்கு 44. பாட்டரி (அப்பா அப்படித்தான் சொல்வார்) அதற்குள் கைவிரித்துவிட்டது.

"கிளப்புத பாட்டரி குதிரை. ஒரு நிமிஷம் பாயும். இது மாடு இழுக்க வேண்டிய வேலை" என்றார்.

விஷயம் தகடுகளில் இருக்கிறது. 1859-இல் பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: ஒரு பக்கம் காரீயம், மறுபக்கம் காரீய டை ஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுமே காரீய சல்ஃபேட் ஆகும். அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் செய்தால் பழைய நிலை. இன்ஜினைக் கிளப்பச் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதற்கு மேற்பரப்பு அதிகம் தேவை. எனவே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குவார்கள். மெல்லிய தகட்டை அடிக்கடி அடிவரை காலி செய்தால் அதன் மேல் பூச்சு உதிரும், சீக்கிரம் செத்துவிடும். வீடு போல மெதுவாகவும் நெடுநேரமும் எடுப்பதற்குத் தடித்த தகடு வேண்டும்.

இதற்கு ஆங்கிலத்தில் 'டீப் சைக்கிள்' என்று பெயர். நான் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவள். ஒருமுறை இன்வர்ட்டர் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது இதற்கு 'ஆழ்சுழற்சி' என்று எழுதினேன். வங்கக்கடலில் மையம் கொண்ட மாதிரி இருந்தது. அதே கையேட்டில் 'ஈய அமில மின்கலம்' என்று எழுதியதைப் பார்த்து அம்மா, "ஈயமா? ரசச் சொம்புல இருக்குமே, அதா?" என்று கேட்டாள். மாட்டுங்கா மார்க்கெட் பாத்திரக் கடைகளில் தொங்குமே, அந்தச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம், விஷம். நம் முன்னோர் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். நாம்தான் இரண்டையும் 'ஈயம்' என்று சுருக்கிவிட்டோம். அன்றிலிருந்து நான் 'காரீய அமில' என்றுதான் எழுதுகிறேன். பதிப்பாசிரியர்கள் வெட்டுகிறார்கள்.

இரண்டாவது முறை அப்பாவையே கடைக்கு அழைத்துப் போனோம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் போகும் வழியில் ஒரு சின்னக் கடை. வெள்ளைச் சட்டையும் செருப்புமாக, பெண் பார்க்கப் போகிறவர் போலக் கிளம்பினார். கடைக்காரர் முதலில் காட்டியது டியூபுலர் பேட்டரி. கரண்டு போனால் வீடுகளில் உழைக்கிறதே, உயரமாக, அது. நேர்மின் தகடு இதில் தகடாகவே இருக்காது. காரீயக் கம்பிகளைச் சுற்றிக் குழல் குழலாக உறை போட்டு, அதற்குள் மருந்தை அடைத்திருப்பார்கள். மருந்து உதிர்ந்து விழாது. நம்முடைய வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் நீடித்து உழைப்பது அதுதான். ஒரே கொள்ளளவுக்கு விலையும் கட்டுபடியாகும்.

அப்பாவுக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு மூடிகளையும் விரலால் தட்டினார். ஒர்க்‌ஷாப் நாட்களில் காலையில் முதல் வேலை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்ப்பது; கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறிப்பது. அமிலத்தின் அடர்த்திதான் பேட்டரியின் நாடி. அந்தக் கண்ணாடிக் குழாயை இன்னும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். அப்போதெல்லாம் அவர் சட்டை துவைக்கப் போனால் சல்லடையாகத் திரும்பும். அமிலத் துளி பட்ட இடம் காய்ந்தபோது தெரியாது, நனைந்ததும் ஓட்டை விழும். அம்மா ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓய்ந்தாள்.

"இதையே போடுல. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் தம்பியிடம்.

தம்பி தயங்கினான். "யப்பா, நீங்க படுக்குத பலகைக்கு அடியிலதான் அது இருக்கும்."

திறந்த வகை பேட்டரி சார்ஜ் முடியும் தறுவாயில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் விடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூக்கை அரிப்பது அதோடு வரும் அமிலத் திவலை. கண்ணாடியை ஏற்றிவிட்ட வேனுக்குள், மூச்சுக்கே கருவி மாட்டிய மனிதர், அந்தத் திவலையைக் கருவி வழியாக இரவெல்லாம் உள்ளே வாங்குவதா? வண்டி சாய்ந்தால் அமிலமே வழியும். அதுவும் ஐம்பது கிலோவுக்கு மேல் கனம்.

அப்பா அசரவில்லை. "ரயில் பெட்டியில உள்ளயா வச்சிருக்கு? அடியிலதான தொங்குது? அது மாதிரி சேசிஸுக்கு அடியில பெட்டி கட்டித் தொங்க விடு."

நல்ல யோசனைதான். கிங்ஸ் சர்க்கிளில் வசிக்காதவர்களுக்கு. எங்கள் வேன் வருடம் முழுக்கத் தெருவில்தான் நிற்கிறது. ஜூன், ஜூலையில் காந்தி மார்க்கெட் எதிரே முட்டளவு தண்ணீர் என்பது இங்கே செய்தியே இல்லை. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது அப்பாவே ஒர்க்‌ஷாப்பிலிருந்து இடுப்பளவு நீரில் நடந்து வந்தவர். தம்பி அதை நினைவுபடுத்தினான். அப்பா பேசாமல் கடையின் மறுபக்கம் பார்த்தார்.

அங்கே இருந்தது ஏ.ஜி.எம். இதில் அமிலம் தளும்பாது. தகடுகளுக்கு நடுவே கண்ணாடி இழையாலான மெத்தை, ஒத்தடத் துணி போல அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நேர்மின் பக்கம் எழும் ஆக்சிஜன் அந்த மெத்தை வழியே எதிர்மின் பக்கம் போய் மறுபடி தண்ணீராகிவிடும். அதனால் நீர் ஊற்றவே வழியில்லை, தேவையும் இல்லை. வாயு மிகக் குறைவு. அழுத்தம் மிஞ்சினால் மட்டும் ஒரு வால்வு திறந்து மூடும். ஆனால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால் காய்ந்துபோகும், காய்ந்ததை யாராலும் நனைக்க முடியாது. வெக்கையும் ஆகாது: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

பக்கத்தில் ஜெல் வகையும் இருந்தது. அதில் சிலிக்கா கலந்து அமிலத்தைக் களி மாதிரி ஆக்கியிருப்பார்கள். மெதுவாக, ஆழமாக எடுப்பதற்கு ஏற்றது. ஆனால் சார்ஜ் வோல்ட் கொஞ்சம் கூடினாலும் களியில் குமிழி விழுந்து, அந்த இடம் பயன்படாமல் போகும். வேனின் ஆல்டர்னேட்டர் 14.4 வரை கொடுக்கிறது. அதன் முரட்டுக் கைக்கு ஜெல் சரிவராது என்று கடைக்காரரே சொன்னார். லித்தியத்தைப் பற்றியும் சொன்னார். பாதிக் கனம், பல மடங்கு ஆயுள். விலையையும் சொன்னார். தம்பி நன்றி சொன்னான்.

அப்பாவுக்கு ஏ.ஜி.எம். மேல் நம்பிக்கை வரவில்லை. "மூடியே இல்லை. உள்ள என்ன நடக்குதுன்னு எப்படிப் பாக்க? வாயை மூடிட்டே இருந்து ஒரு நாள் செத்துப்போகும்."

அவர் சொன்னது உண்மை. மூடிய பேட்டரி எச்சரிக்கை தராது. நோயைக் காட்டும் ஜன்னல் அதில் இல்லை. அதை விட உண்மை, அதில் அப்பாவுக்கு வேலையும் இல்லை. எனக்கு அது அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாதான் சொன்னாள்: "அவருக்காக இம்புட்டு ரூவாயான்னு ஒரு கூச்சம். அதை நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி ஈடு கட்டலாம்னு பாத்தாரு. அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டிய."

மறுநாள் காலை, மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் பூங்காவில் நடந்துவிட்டு வந்த அப்பா, கேஸ் பில்லை மறுபடி எடுத்தார். ஹீட்டர் வேண்டாம். இன்வர்ட்டர் வேண்டாம், 12 வோல்ட்டிலிருந்து நேராகக் கருவிக்குப் போகும் கம்பி வாங்கு. அப்போது கருவிக்கு மணிக்கு 3 ஆம்பியர், மின்விசிறிக்கு ஒன்றரை. எட்டு மணி நேரத்துக்கு 36. விளக்கு, செல்போனுக்கு 4. ஆக மொத்தம் 40. பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் பேட்டரி பிழைக்கும், எனவே 80. கொஞ்சம் வயசாகித் தேய்வதற்கு இடம் விட்டு 100. ஏ.ஜி.எம்.மே போடு. ஆனால் பெட்டியில் வைத்து, தரையைத் துளைத்து ஒரு குழாய் வெளியே விடணும். வால்வு என்றைக்காவது திறந்தால் வெளியே போகட்டும். பெட்டி இன்ஜினுக்குத் தூரமாக, கடைசியில் இருக்கணும்.

கடையில் இரண்டு கம்பெனியின் 100 ஆம்பியர் அவர் பேட்டரிகள் இருந்தன. அப்பா இரண்டையும் தம்பியைத் தூக்கச் சொன்னார். "எது கனம்?" என்று கேட்டார். "ஸ்டிக்கர்ல என்ன வேணும்னாலும் எழுதலாம். காரீயம் பொய் சொல்லாது." தயாரித்த மாதத்தைக் கேட்டார், கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் தானாகவே இறங்கிக் கெட்டுவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தார். 12.8. "சரி, கட்டு" என்றார்.

பழைய பேட்டரியை என்ன செய்வது என்பதில் ஒரு சின்னத் தகராறு. பங்கார் கடைக்காரர், ஊர்த் தமிழில் காயலான் கடைக்காரர், கடை தரும் கழிவை விடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். தம்பிக்குச் சபலம். அப்பா விடவில்லை. விற்கிற கடையே பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2022-ஆம் ஆண்டு விதிகள். கண்ட இடத்தில் உடைத்தால் அமிலம் சாக்கடைக்கு, காரீயம் அடுப்புக்கு, புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரத்தத்துக்கு. ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா இதையெல்லாம் சொல்லவில்லை. "எங்கூட வேலை பாத்தவனுவள நான் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். கூடுதல் பணத்தை விட்டுவிட்டோம்.

மார்ச்சில் கிளம்பினோம். கோலாப்பூர், தாவணகெரே, கிருஷ்ணகிரி என்று மூன்று ராத்திரி. அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். காலையில் எல்லாவற்றையும் அணைத்து, அரை மணி நேரம் பேட்டரியை ஓய்வாக விட்டு, பிறகு மீட்டரில் பார்த்து எழுதுவார். அணைத்த உடனே பார்த்தால் குறைவாகக் காட்டுமாம். அதற்குள் நாங்கள் டீ குடித்துவிடுவோம். கோலாப்பூர் 12.4. தாவணகெரேயில் 12.3. மின்விசிறி ராத்திரி முழுக்க வேகமாக ஓடியதுதான் காரணம் என்று அம்மாவைப் பார்த்தார். அன்று பகலில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வண்டியை ஓட்டச் சொன்னார். காரீய அமில பேட்டரியில் முதல் 80 சதவீதம் சீக்கிரம் ஏறிவிடும், கடைசி 20 மணிக்கணக்கில் நகரும். தினமும் அந்தக் கடைசிப் பங்கை ஏற்றாமல் விட்டால் சல்ஃபேட் இறுகிப்போய் கொள்ளளவே குறைந்துவிடும் என்று தம்பிக்கு விளக்கிக்கொண்டே வந்தார். கிருஷ்ணகிரியில் 12.4.

அந்தக் கிருஷ்ணகிரி ராத்திரியில் எனக்கு விழிப்பு வந்தது. மணி மூன்றே முக்கால். கருவியின் மெல்லிய சீறல் கேட்டது. அப்பா மல்லாந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஐந்து மணி வரை தூங்கவில்லை. கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

சாஸ்தா கோவிலில் பொங்கல் வைத்தோம். சொந்தக்காரர்கள் வேனைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு மாமா பலகையைத் தூக்கி, "ஏ, இதுக்குள்ள பாட்டரி வேறயா?" என்றார். அப்பா அவரை உட்கார வைத்து, பிளாந்தேயில் ஆரம்பித்தார்.

மும்பை திரும்பியதும் வேன் சும்மா நிற்கிறது. காரீய அமில பேட்டரியைச் சும்மா விடக் கூடாது. மாதம் ஒரு முறையாவது முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் இறங்குகிறார். தரைத்தளத்து வாட்ச்மேன் அறையிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜரை மாட்டுகிறார். பத்து மணிக்குக் கழற்றுகிறார், மாலையில் மீட்டர் வைக்கிறார். நோட்டில் இப்போது இருபதாவது பக்கம் ஓடுகிறது. போன ஞாயிறு 12.8. மழை தூறியதால் வாட்ச்மேன் குடை பிடித்தாராம்.